மதில்மேல் பூனையும் இரண்டாம் பாதியும்

சினிமா விமர்சகனான எனக்கு ஒரு வாசகர் அனுப்பிய கேள்வி இது: "பெரிய நடிகர் படம் எது வந்தாலும் முதல் பாதியைப் பாராட்டுகிறீர்கள், இரண்டாம் பாதியைக் குறை சொல்கிறீர்கள். நல்ல படமா, மோசமான படமா என்று ஒரே வார்த்தையில் சொல்லாமல் ஏன் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறீர்கள்? ரசிகர்கள் திட்டுவார்கள் என்ற பயமா?"

திட்டு வாங்கிப் பழகிவிட்டது. குறை சொன்னால் எதிர் நடிகரின் ஆள், பாராட்டினால் தயாரிப்பாளரிடம் கவர் வாங்கியவன். ஒரே வாரத்தில் இரண்டு பட்டமும் கிடைத்ததுண்டு. அதனால் பயம் காரணமில்லை. கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த பெரிய படங்கள் பலவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் உடைகின்றன. உடைகிற இடம் வரை நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்றுதானே எழுத வேண்டும்? அந்த இடம் எது என்று காட்டுகிறேன். படங்களின் முடிவுகளைப் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல வழியில்லை. பார்க்காத படம் இருந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

வேட்டையனில் இருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் என்னை அதிகம் ஏமாற்றிய படம் அதுதான். 2024 அக்டோபரில் வந்தது. ஜெய் பீம் எடுத்த த.செ. ஞானவேல் இயக்கம். காவல் நிலையச் சாவை அப்படி நேருக்கு நேர் பார்த்த ஒருவர், அடுத்து ரஜினியை என்கவுன்டர் போலீஸ் அதிகாரியாக வைத்துப் படம் எடுக்கிறார் என்றதுமே ஆர்வம் வந்துவிட்டது. படமும் அந்த ஆர்வத்துக்கு மரியாதை செய்தது. ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை கொல்லப்படுகிறார். ஊரே கொதிக்கிறது. ரஜினி நடித்த அதியன் வருகிறார், குணா என்ற ஏழை இளைஞனைச் சுடுகிறார், தியேட்டரில் விசில் பறக்கிறது. அப்புறம் அமிதாப் பச்சன் ஏற்றிருக்கும் நீதிபதி அவரிடம் அமைதியாகச் சொல்கிறார்: நீங்கள் கொன்றவன் குற்றவாளி இல்லை.

இந்த இடத்தில் எங்கள் அரங்கம் அடங்கிப்போனது. ஐந்து நிமிடம் முன்பு விசிலடித்த நாமும் அந்தக் கொலையில் கூட்டு என்று படம் சொல்வதுபோல இருந்தது. ஒரு ரஜினி படம் தன் பார்வையாளரையே கூண்டில் நிறுத்துவது சின்ன விஷயமில்லை. அமிதாப்பும் ரஜினியும் 1991இல் வந்த ஹம் படத்துக்குப் பிறகு, 33 வருடம் கழித்துச் சேர்ந்து நடிக்கிறார்கள். அந்தச் சேர்க்கையை விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்தாமல், ஒருவர் இன்னொருவரைத் தலைகுனிய வைக்கிற மாதிரி எழுதியிருந்தார்கள்.

ஆனால் இடைவேளைக்குப் பிறகு என்ன நடக்கிறது? நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்ற பெயரில் ஏழைகளைச் சுரண்டும் பெரிய நிறுவனம் ஒன்று உள்ளே வருகிறது. ராணா டக்குபாட்டி கோட்டு சூட்டில் வருகிறார். நல்ல பிரச்சினைதான், தனியாக ஒரு படம் எடுக்கலாம். ஆனால் அது வந்த நிமிடத்திலிருந்து குணாவின் சாவுக்குப் பொறுப்பு மெல்ல மெல்ல வில்லன் தலைக்கு மாறுகிறது. சுட்ட கை யாருடையது என்ற கேள்வி, சுட வைத்தவன் யார் என்ற கேள்வியாகிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். வில்லனைப் பிடித்தால் போதும். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அதியன் குணாவின் வீட்டில் போய் உட்கார்ந்து, அவனுடைய வீட்டாரின் முகத்தைப் பார்த்தபடி அரைமணி நேரமாவது படம் நகர வேண்டும். அதற்குப் படத்துக்குத் துணிவில்லை. அல்லது வியாபாரம் விடவில்லை.

நான் சொன்ன ஒரே இடம் இதுதான். நாயகனைப் பற்றி ஒரு சங்கடமான கேள்வியைப் படமே எழுப்பும். பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு வில்லனையோ ஒரு ஃப்ளாஷ்பேக்கையோ நடுவில் நிறுத்திவிட்டு நழுவிவிடும்.

லியோவும் அப்படித்தான். 2023 அக்டோபர் 19 அன்று காலை 9 மணிக் காட்சி. (அந்த வருடப் பொங்கலுக்குத் துணிவு வெளியானபோது, சென்னையில் ஓடும் லாரிமேல் ஆடிய ரசிகர் ஒருவர் விழுந்து இறந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றுவிட்டன. ஆனால் கேரளத்திலும் கர்நாடகத்திலும் அதற்கு முன்பே காட்சி தொடங்கிவிடும். நாம் வண்டியை நிறுத்திவிட்டு டிக்கெட்டைக் காட்டும்போதே 'இரண்டாம் பாதி சுமார்' என்று போனில் வந்து நிற்கும். அந்தக் குரலைக் காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் படம் பார்ப்பது இந்தத் தொழிலில் தனி வேலை.) ஹிமாச்சலில் காபிக் கடை நடத்தும் பார்த்திபனாக விஜய். கடைக்குள் ராத்திரி வந்து புகுந்த கும்பலைச் சுட்டுத் தள்ளிவிட்டு அவர் உடைந்து அழுகிற காட்சி இருக்கிறதே, அதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. பத்துப் பேரை அடித்துவிட்டுத் தூசி தட்டுகிற விஜயைப் பார்த்தே வளர்ந்த அரங்கம் அது. கொன்றதற்காகக் கைநடுங்குகிற விஜய் அதற்குப் புதிதாக இருந்தார். மனைவி சத்யாவிடம், தன்னை வேறு யாரோ ஒருவன் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று கதறுகிற காட்சியில் திரிஷாவும் அவரும் நடித்தது நடிப்பு.

ஏ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ் என்ற 2005ஆம் வருடப் படத்தின் தாக்கம் என்று படமே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. அதனால் 'சுட்ட கதை' என்ற பேச்சு எனக்கு முக்கியமில்லை. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதுதான் முக்கியம். அந்தப் படத்தில் நாயகனின் பழைய வாழ்க்கை பாதியிலேயே வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு மனைவியும் மகனும் அந்த உண்மையோடு ஒரே வீட்டில் எப்படி இருக்கப் போகிறார்கள் என்பதுதான் படம். கடைசிக் காட்சியில் சாப்பாட்டு மேசையில் யாரும் பேசுவதில்லை. லியோவில் உண்மையைக் கடைசி நிமிடம் வரை பொத்திவைத்து, ரசிகர்களுக்கான கொண்டாட்டமாக உடைக்கிறார்கள். அந்த உண்மை சத்யாவின் மேசைக்கு வருவதே இல்லை. நடுவில் மன்சூர் அலிகான் சொல்லும் ஃப்ளாஷ்பேக், நரபலி, புகையிலை ஆலை என்று போகிறது. முதல் பாதியில் அந்த மனிதனின் நடுக்கத்தை நம்பவைத்துவிட்டு, அது வெறும் வேஷம் என்று கைதட்டச் சொன்னால் எனக்கு எப்படிக் கைதட்ட வரும்? அன்று எழுதிய விமர்சனத்தில் காபிக் கடைக்கு ஒரு பக்கம், ஃப்ளாஷ்பேக்குக்கு நான்கு வரி. அதைத்தான் 'மதில்மேல்' என்கிறீர்கள்.

இப்படி எழுதுவதால், பெரிய நடிகர் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். லியோவுக்கு இரண்டு மாதம் முன்னால்தான் ரஜினியின் ஜெயிலர் வந்தது. படமாகப் பார்த்தால் அதில் ஓட்டைகள் அதிகம். தமன்னா, சுனில் வருகிற சினிமா படப்பிடிப்புப் பகுதியை மொத்தமாகத் தூக்கினாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. மோகன்லாலும் சிவராஜ்குமாரும் எதற்கு வந்தார்கள் என்று கேட்டால், நடந்து வருவதற்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் என்ன நடை! ஆனாலும் இயக்குநர் நெல்சன் ஒரு காரியம் செய்தார். முத்துவேல் பாண்டியன் எந்த மகனுக்காக இத்தனை தலைகளை உருட்டினாரோ, அந்த மகனே திருடனுக்குத் துணை போனவன் என்று கடைசியில் கொண்டுவந்து, அந்த அப்பாவை முடிவெடுக்க வைத்தார். நேர்மையாக வளர்த்தேன் என்ற பெருமைதான் அந்த மனிதனின் சொத்து; அதுவே பொய்யாகிறது. படம் அந்தக் கணத்தில் நழுவவில்லை. மகனை விட்டுக்கொடுத்துவிட்டு அவர் வெளியே நடக்கும்போது அனிருத்தின் இசை வழக்கம்போல இடி இடித்தாலும், அந்த முகத்தில் வெற்றி இல்லை. வேட்டையனைவிடச் சுமாரான திரைக்கதை, ஆனால் வேட்டையனைவிட நேர்மையான முடிவு. இதற்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள்? எனக்குத் தெரியாததால்தான் நட்சத்திரம் போடுவதை நிறுத்தினேன்.

மகாராஜாவில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு வகை. நித்திலன் சாமிநாதனின் திரைக்கதையைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம், சமீபத்தில் தமிழில் வந்தவற்றில் அவ்வளவு இறுக்கமாகப் பின்னிய கதை குறைவு. சவரக் கடைக்காரர் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், லட்சுமியைக் காணோம் என்கிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. நாம் சிரிக்கிறோம், போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், லஞ்சம் பேசுகிறார்கள். பின்னால் விஷயம் தெரியும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் மாட்டிக்கொள்கிறது. விஜய் சேதுபதிக்கு இது 50ஆவது படம். அடி வாங்கிக்கொண்டே அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிற அந்தக் குரல் போதும், வேறு படமே அவர் செய்யத் தேவையில்லை என்று அன்று தோன்றியது.

ஆனால் அந்த முடிச்சுக்குள் என்ன இருக்கிறது? ஒரு சின்னப் பெண்ணுக்கு நடந்த பாலியல் வன்கொடுமை. காலத்தை முன்னும் பின்னும் கலைத்து அடுக்கியது முழுக்க, அந்தக் கொடுமை சரியான நேரத்தில் நம் தலையில் இடியாக விழ வேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பெண்ணின் வலி ஒரு புதிர்ப் பெட்டியின் சாவியாகிவிடுகிறது. கடைசியில் அவளுக்கு ஒரு காட்சி கொடுக்கிறார்கள், அவள் குற்றவாளியின் எதிரில் நிமிர்ந்து நிற்கிறாள், சரி. இருந்தாலும் அதற்கு முன் இரண்டு மணி நேரம் அவள் படத்தில் ஒரு ஆளாக இருந்தாளா என்று வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டுக்கொண்டேன். இந்தப் படத்தை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்வேனா? செய்வேன். மனம் குத்துமா? குத்தும். இதை ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வது?

நீளத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நானே தவறியிருக்கிறேன். 2024 செப்டம்பரில் மெய்யழகன் வந்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம். பேச்சு, பேச்சு, ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு. இரண்டாம் பாதி இழுவை என்று நானும் எழுதினேன். பலரும் அதையே சொல்ல, வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டிய பிறகு போய்ப் பார்த்தேன். படம் வேகமாக இருந்தது, ஆனால் ஏதோ ஒன்று காணாமல் போயிருந்தது. அரவிந்த்சாமியின் அருள், தஞ்சாவூர் வீட்டைச் சொந்தக்காரர்களிடம் இழந்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். தங்கை முறையாகும் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் போகிறார். கார்த்தி அவரை 'அத்தான் அத்தான்' என்று சுற்றிச் சுற்றி வருகிறார், இவருக்கோ அந்த ஆளின் பெயரே நினைவில் இல்லை. அந்த வெட்கம் வளர வேண்டுமானால் அந்த ராத்திரி நீளமாகத்தான் இருக்க வேண்டும். சலிப்பு தட்டுகிற அளவுக்கு ஒருவன் நம்மேல் பாசமாக இருந்தால்தான், விடியற்காலையில் சொல்லாமல் ஓடிப்போகத் தோன்றும். இயக்குநர் பிரேம்குமார் வேண்டுமென்றே நீட்டியதை நான் கைத்தவறு என்று நினைத்துவிட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்தப் படத்தில் கார்த்தி பாத்திரத்துக்கு ஒரு குறைகூட இல்லாதது எனக்கு உறுத்தல்தான். மாட்டிடம் பாசம், ஊரிடம் பாசம், வரலாற்றிடம் பாசம். மனிதன் ஒரு தடவையாவது யாரிடமாவது எரிந்து விழுந்திருக்கலாம். ஆனால் கல்யாண மேடையில் அந்தத் தங்கை பரிசுப் பெட்டியைப் பிரித்து நகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளும் காட்சியை வைத்துக்கொண்டு இந்தக் குறையைப் பெரிதாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இந்தியன் 2க்கும் வெளியான பிறகு சுமார் 12 நிமிடம் வெட்டு விழுந்தது. அங்கே எனக்கு இந்தக் குழப்பம் எதுவும் வரவில்லை.

கங்குவா பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சூர்யாவின் உழைப்பு, ஆதிகாலத் தீவின் வடிவமைப்பு எல்லாம் பார்க்க நன்றாக இருந்தன. ஆனால் முதல் அரைமணி நேரத்தையும் அந்தச் சத்தத்தையும் தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருந்தது. ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி சத்தத்தைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார், ஜோதிகாவும் அந்த அரைமணி நேரம் சரியில்லை, சத்தம் அதிகம் என்று ஒப்புக்கொண்டார், தயாரிப்பாளர் தரப்பு தியேட்டர்களில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னது. இத்தனைக்கும் பிறகு பழி விழுந்தது யூடியூப் விமர்சகர்கள் மேல். தியேட்டர் வளாகத்தில் பேட்டி எடுக்க விடக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் கோரிக்கை வைத்தார்கள். முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனத்துக்கே தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் அப்படித் தடை போட மறுத்தது. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி, படம் பார்த்தவர் கத்தினால்தான் காணொளி ஓடும் என்று கத்தவைப்பவர்கள் எனக்கும் பிடிக்காது. அதற்காக எல்லோர் வாயையும் கட்டினால், அந்த மூன்று நாளில் டிக்கெட் வாங்குபவருக்கு யார் பதில் சொல்வது?

அமரன் என்றால் உடனே சாய் பல்லவி என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014இல் ஷோபியானில் உயிர்விட்டவர்; முடிவு தெரிந்த கதை. தெரிந்த கதையை எப்படி நடத்துவது என்பதற்கு ராஜ்குமார் பெரியசாமி கண்ட வழி, மனைவி இந்துவின் நினைவு வழியாகச் சொல்வது. அதனால் போர்க்களக் காட்சிகளைவிட, போன் மணி அடிக்குமா என்று ஒரு வீடு காத்திருக்கும் காட்சிகளில் பதற்றம் அதிகம். சிவகார்த்திகேயன் தன் வழக்கமான குறும்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்தார். என் வருத்தம், காஷ்மீரில் வாழ்கிற சாதாரண மனிதர்கள் அந்தப் படத்தில் பெரும்பாலும் கல்லெறிகிற கூட்டமாகவோ சந்தேகப்பட வேண்டிய முகமாகவோ மட்டும் வந்துபோவது. இந்துவின் வீட்டுக்குள் அவ்வளவு நுணுக்கமாகப் போன கேமரா, அங்கே ஒரு வீட்டு வாசலையாவது தாண்டியிருக்கலாம்.

2025இன் இரண்டு பெரிய ஏமாற்றங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தக் லைஃப்: நாயகன் வந்து 38 வருடம் கழித்து மணிரத்னமும் கமலும் சேர்ந்த படம். பழைய டெல்லியில் நடக்கும் கருப்பு வெள்ளைத் தொடக்கத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். போகப் போகச் சாய்ந்துவிட்டேன். ஊரெல்லாம் முணுமுணுத்த 'முத்த மழை' பாட்டு தியேட்டரில் காணோம். அந்தப் பாட்டுக்கு உரிய திரிஷாவின் பாத்திரத்தையும் ஏறக்குறைய அதேபோலத் தொலைத்துவிட்டார்கள். அடுத்து கூலி. ரஜினி அணிந்த 1421 என்ற பேட்ஜ் எண், இயக்குநர் லோகேஷ் கனகராஜின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தபோது வைத்திருந்தது. அந்தச் செய்தி தந்த நெகிழ்ச்சியில் பாதியைக்கூடப் படம் தரவில்லை. சௌபின் சாஹிர் மட்டும் ஆடியும் மிரட்டியும் தன் பங்கை வட்டியோடு கொடுத்தார். கூலி என்று பெயர் வைத்துவிட்டு, கூலிக்காரர்களைக் கொஞ்சநேர ஃப்ளாஷ்பேக்குக்குள் அடைத்துவிட்டார்கள். மறுபடியும் அதே இடம்தான்.

சரி, குறையில்லாமல் ஏதாவது பிடித்ததா என்று கேட்பீர்கள். குறையில்லாமல் என்றால் இல்லை. டூரிஸ்ட் ஃபேமிலி பார்த்து அழுதேன், ஆனால் இலங்கையிலிருந்து தப்பி வந்த அந்தக் குடும்பத்துக்குச் சென்னையில் கிடைக்கிற அண்டை வீட்டார் மாதிரி எனக்கு ஒருவர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஒரு தெரு முழுக்கக் கிடைப்பது கொஞ்சம் அதிகம். டிராகன், 48 அரியர் வைத்த பையனின் கேலிக்கூத்து போலத் தொடங்கி, போலிச் சான்றிதழால் வாங்கிய வாழ்க்கையை அவனே திருப்பிக் கொடுக்கிற இடத்தில் முடிகிறது. வேட்டையன் தயங்கிய இடத்தை ஒரு கல்லூரிக் காமெடிப் படம் தாண்டியது எனக்கு இன்னும் வியப்பு. முதல் ஒரு மணி நேரம் பெண் பாத்திரங்களை அது நடத்தும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இவற்றில் எதையாவது திரும்பப் பார்க்கச் சொன்னால் லப்பர் பந்துதான். தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். தன் ஊர் கிரிக்கெட் டீமில் சாதியால் இடம் கிடைக்காத அன்பு, வயது நாற்பதைத் தாண்டியும் பேட்டைக் கீழே வைக்க மனமில்லாத கெத்து. கெத்து கிரீஸுக்கு வரும்போது 'நீ பொட்டு வச்ச' பாட்டு ஒலிக்க ஊரே எழுந்து நிற்கும். ஒரு மாஸ் நடிகருக்குக் கிடைக்கும் அத்தனை மரியாதையும் அந்த மனிதருக்கு உண்டு. ஆனால் அதே ஆள், கிரிக்கெட் ஆடப் போனது மனைவிக்குத் தெரியக்கூடாது என்று திருட்டு முழி முழித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். விஷயம் தெரிந்து யசோதா வீட்டை விட்டுப் போய்விட்ட பிறகு, அந்தக் கெத்து இருக்கிற இடம் தெரியாது. தினேஷ் அந்த இரண்டு நடையையும் ஒரே உடம்பில் வைத்திருந்தார். அதற்கு நான் எழுதிய விமர்சனத்தில் 'ஆனால்' என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதுவும் படத்தின் இரண்டாம் பாதியைப் பற்றி இல்லை.